சீனக் கட்டமும் வயிற்றுப் பிள்ளையும்

கருவுற்றிருக்கும் செய்தி வீட்டில் தெரிந்த சில நாள்களுக்குள் உறவினர் ஒருவரின் கைப்பேசியிலிருந்து ஒரு கட்டம் வந்து சேர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இடப்புறத்தில் 18 முதல் 45 வரை தாயின் வயது. மேற்புறத்தில் பன்னிரண்டு மாதங்கள். மொத்தம் 336 கட்டங்கள். தாயின் வயதும் கரு உருவான மாதமும் சந்திக்கும் கட்டத்தில் நீலம் இருந்தால் ஆண், இளஞ்சிவப்பு இருந்தால் பெண் என்று அதன் கீழே எழுதியிருக்கும். பெய்ஜிங் அருகே அரச கல்லறை ஒன்றில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கண்டெடுக்கப்பட்டது என்ற கதையும் கூடவே வரும். எங்கள் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் கையில் இக்கட்டத்தைக் காண்கிறோம். அது உண்மையா, பொழுதுபோக்கா, தீங்கா என்று கேட்போருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சீனமும் நாகையும்

சீனத்தோடு நம் ஊருக்குள்ள உறவு கைப்பேசியால் வந்ததன்று. சோழர் காலத்தில் நாகப்பட்டினம் சீனத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் மரக்கலங்கள் சென்று வந்த துறைமுகம். ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் முதலாம் இராசராசன் காலத்தில் இங்கு நிலைபெற்றது. 1867ஆம் ஆண்டில் இடிக்கப்படும்வரை இங்கு நின்றிருந்த பழைய செங்கல் கோபுரம் ஒன்றை மக்கள் ‘சீனக் கோபுரம்’ என்றே வழங்கினர். பண்டங்களோடு கதைகளும் நம்பிக்கைகளும் கடல் கடந்தன. ஆகவே சீனர்கள் பிள்ளையின் பாலினத்தை எவ்வாறு கணிக்க முயன்றார்கள் என்பதை ஏளனமின்றி அறிந்துகொள்வது தகும்.

அவர்களது முறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, நாடி. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் ஷுஹே என்னும் மருத்துவர் எழுதிய நாடி நூல் சீன மருத்துவத்தில் பெரும் மதிப்புடையது. கருவுற்றவளின் இடக்கை நாடி விரைந்து ஓடினால் ஆண், வலக்கை நாடி விரைந்து ஓடினால் பெண் என்பது அம்மரபு. பேறுகாலத்தில் தாயின் குருதியளவு ஏறத்தாழப் பாதி அளவுக்குக் கூடுகிறது; இதயத்துடிப்பும் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது வரை உயர்கிறது. எனவே தேர்ந்த வைத்தியர் நாடி பார்த்து ‘உடல் மாறியிருக்கிறது’ என்று உணர்வதில் வியப்பில்லை. ஆனால் பிள்ளையின் பாலினத்தைத் தாயின் இடக்கைக்கோ வலக்கைக்கோ கொண்டுசெல்லும் வழி எதுவும் உடலில் இல்லை. இரு கைகளுக்கும் குருதியை அனுப்புவது ஒரே இதயந்தான்.

இரண்டாவது, மாத நம்பிக்கை. சீனத்தின் சாங்ஷா நகரருகே மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது பட்டுத்துணியில் எழுதப்பட்ட மருத்துவ நூல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கருவின் வளர்ச்சியை மாதவாரியாகக் கூறுவது. மூன்றாம் மாதத்தில் கருவின் பால் இன்னும் உறுதிப்படவில்லை. அப்போது தாய் எதைக் காண்கிறாளோ அதன்படி மாறக்கூடும் என்று அது கருதுகிறது. நம் நாட்டிலும் ஆண் மகவு வேண்டிச் செய்யும் பும்சவனச் சடங்கு மூன்றாம் மாதத்தையொட்டியே அமைந்தது. தொடக்க வாரங்களில் கருவின் புற உறுப்புகள் இருபாலுக்கும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், முன்னோர் இவ்வாறு எண்ணியிருக்கலாம். தோற்றம் பின்னர் வேறுபடுகிறது என்பது சரி. ஆனால் பாலினம் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது, கணக்கு. சுன்ட்சு என்பவர் பெயரால் வழங்கும் பழைய சீனக் கணித நூல் ஒன்று உண்டு. எண்களின் மீதியைக் கொண்டு விடை காணும் அதன் புகழ்பெற்ற கணக்கு இன்றும் உலகெங்கும் கணித மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. அதே நூலின் இறுதியில் ஒரு கணக்கு: கருவுற்றவளுக்கு வயது 29, பேறுகாலம் ஒன்பதாம் மாதம், பிறப்பது எது? வழி இது. 49உடன் மாதத்தைக் கூட்டி வயதைக் கழிக்க வேண்டும், கிடைப்பது 29. அதிலிருந்து வானத்துக்கு 1, பூமிக்கு 2, மனிதர்க்கு 3, பருவங்களுக்கு 4, பூதங்களுக்கு 5, இசைச் சுரங்களுக்கு 6, விண்மீன்களுக்கு 7 என்று முறையே கழித்தால் மிஞ்சுவது 1. ஒற்றைப்படை, ஆகவே ஆண் என்கிறது நூல்.

இக்கணக்கை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதே பெண்ணின் வயதை 28 என்று வைத்தால் முதலில் 30 கிடைக்கிறது. ஏழு படியும் கழித்தபின் மிஞ்சுவது 2. இரட்டைப்படை, ஆகவே பெண். வயதை எண்ணும் முறையில் ஓராண்டு மாறினால் வயிற்றில் உள்ள பிள்ளையின் பால் மாறிவிடுகிறது! இக்குறை கைப்பேசியில் வரும் கட்டத்துக்கும் உண்டு. மரபான சீன வழக்கில் குழந்தை பிறந்தவுடனே ஒரு வயது. அடுத்த சீனப் புத்தாண்டில் இரண்டு வயது. புத்தாண்டுக்கு முதல்வாரம் பிறந்த பெண் சில நாள்களிலேயே இரண்டு வயதினள் ஆகிவிடுவாள். நம் பிறந்த தேதியை இந்தக் கணக்குக்கு மாற்றும்போது ஒரு செயலி ஒரு விடையும் இன்னொரு செயலி வேறு விடையும் தருவது அதனால்தான்.

இருபத்தெட்டு லட்சம் பேறுகளில் ஒரு சோதனை

சீனக் கட்டம் சரியா என்று சோதிப்பது எளிது. பிறந்துவிட்ட குழந்தைகளின் பதிவேட்டை எடுத்து, தாயின் வயதையும் கருவுற்ற மாதத்தையும் கட்டத்தில் பொருத்தி, கட்டம் சொன்னதையும் பிறந்ததையும் ஒப்பிட்டால் போதும். இதைச் சுவீடன் நாட்டின் பிறப்புப் பதிவேட்டைக் கொண்டு ஆய்வாளர்கள் செய்து, 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1973 முதல் 2006 வரை பிறந்த 28 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கணக்கில் கொள்ளப்பட்டனர். கட்டம் சரியாகச் சொன்னது நூற்றுக்கு ஐம்பது. அதாவது, ஒரு நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கும் கட்டத்தைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இல்லை.

அப்படியானால், ‘எங்கள் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளுக்கும் சரியாகச் சொன்னது’ என்று சிலர் கூறுவது பொய்யா? பொய்யன்று. ஒவ்வொரு முறையும் பாதி வாய்ப்பு என்றால், தொடர்ந்து ஐந்து முறை பலிப்பதற்கு 32இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து பேறு கண்ட 32 குடும்பங்கள் ஓர் ஊரில் இருந்தால், அவற்றுள் ஒன்றுக்கு எல்லாமே பலித்திருக்கக்கூடும். அக்குடும்பம் அதை ஊரெங்கும் சொல்லும். பலிக்காத குடும்பங்கள் அக்கட்டத்தை மறந்துபோகும். பலித்தது மட்டுமே நம் காதுக்கு வருகிறது.

நம் வீட்டு அடையாளங்கள்

சீனக் கட்டத்தைச் சிரித்து ஒதுக்குவோரும் நம் பாட்டிமார் சொன்ன அடையாளங்களை நம்புவதுண்டு. வயிறு கூராக முன்தள்ளினால் ஆண், அகன்று படர்ந்தால் பெண். முகம் களையிழந்தால் ஒன்று, பொலிந்தால் மற்றொன்று. புளிப்பில் ஆசை, இனிப்பில் ஆசை. எழும்போது முதலில் ஊன்றும் கை. குழந்தையின் இதயத்துடிப்பு 140க்கு மேலா கீழா எனப் பட்டியல் நீளும். சுசுருத சங்கிதையிலும் வலப்பக்கத்தை ஆணுக்கும் இடப்பக்கத்தைப் பெண்ணுக்கும் உரியதாகக் கொள்ளும் அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. பழைய கிரேக்க மருத்துவமும் இதையொத்த வலம் இடம் பிரிவை நம்பியது.

வயிற்றின் வடிவத்தை முடிவு செய்வன தாயின் வயிற்றுத் தசை, அவளது உயரம், எத்தனையாவது பேறு, குழந்தை கிடக்கும் நிலை ஆகியவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிள்ளையின் பால் அறியாத 104 கருவுற்ற பெண்களைக் கொண்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றின் வடிவத்துக்கும் பிறந்த குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. அசையும்போது கூடும், உறங்கும்போது குறையும். ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் 130உம் 150உம் பதிவாகும்.

ஓர் அடையாளத்தில் மட்டும் சிறிதளவு உண்மை உண்டு. முதல் மூன்று மாதங்களில் மசக்கை கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாய்மாரைச் சுவீடனில் ஆராய்ந்தபோது, அவர்களுக்குப் பிறந்தவர்களுள் பெண் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 56 என்று 1999இல் அறியப்பட்டது. எனினும் மீதி 44 ஆண் குழந்தைகளே. ஒரு தாய்க்குப் பிறக்கப்போவது எது என்று இதைக்கொண்டு சொல்ல இயலாது. கடும் வாந்தியுள்ள தாய்க்கு வேண்டியது கணிப்பன்று. நீரிழப்பைத் தடுக்கும் சிகிச்சை.

பாலினம் எப்போது, யாரால் முடிவாகிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை பாலினத்துக்குரியது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். தாயின் சினைமுட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே தர முடியும். தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கின்றன. முட்டையை அடைவது எக்ஸ் சுமந்த அணுவானால் பெண். ஒய் சுமந்ததானால் ஆண். 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து இவ்வுண்மைக்கு அடித்தளம் இட்டார். ஒய் குரோமோசோமில் ஆண் உறுப்புகளின் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு 1990இல் கண்டறியப்பட்டது.

கருத்தரித்த அந்தக் கணத்திலேயே இது முடிந்துவிடுகிறது. அதன்பின் தாய் உண்ணும் உணவோ, பார்க்கும் படமோ, செய்யும் வேலையோ அதை மாற்றா. பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாயைக் குறை கூறும் வீடுகள் இன்றும் நம்மிடையே உள்ளன. ‘உன் வயிற்றில் பெண்தான் தங்கும்’ என்று சொல்லப்பட்ட மருமகள் அந்தச் சொல்லோடுதான் அடுத்த பேறுக்கும் வருகிறாள். அச்சொல்லுக்கு உயிரியலில் இடமே இல்லை. எக்ஸ், ஒய் இரண்டையும் சுமப்பவர் தந்தை. எது முந்தும் என்பதோ அவர் கையிலும் இல்லை. ஆகவே பழி சொல்வதற்கு இங்கு யாரும் இல்லை.

விளையாட்டு எங்கே தீங்காகிறது?

வளைகாப்பில் கூடியிருக்கும் பெண்கள் ஆணா பெண்ணா என்று பேசிச் சிரிப்பதில் தீங்கில்லை. அந்தப் பேச்சு ஒரு முடிவுக்குக் காரணமாகும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

கட்டம் பெண் என்று காட்டிவிட்டதால் கருவுற்றவளின் உணவிலும் ஓய்விலும் வீட்டார் அக்கறை குறைந்துபோவது முதல் தீங்கு. கட்டத்தை உறுதிசெய்துகொள்ளப் பணம் கொடுத்துச் சட்டவிரோத ஸ்கேன் தேடுவது இரண்டாவது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மருத்துவக் கண்காணிப்பின்றிக் கருவைக் கலைக்க முயல்வது மூன்றாவது. நிற்காத குருதிப்போக்கும் கிருமித்தொற்றும் தாயின் உயிரையே பறிக்கக்கூடும். ‘ஆண் பிள்ளை மருந்து’ என்று விற்கப்படும் பொடிகளையும் உருண்டைகளையும் உண்பது நான்காவது. ஹரியானாவில் இத்தகைய மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றை உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். உறுப்புகள் உருவாகும் வாரங்களில்தான் அம்மருந்து கொடுக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழகம் இத்தீங்கை அறியாத மாநிலம் அன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றனர். 1,000 ஆணுக்கு 952 பெண் என்ற அளவு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர். அதே கணக்கெடுப்பில் நாகை மாவட்டத்தில் எல்லா வயதினரையும் சேர்த்து 1,000 ஆணுக்கு 1,025 பெண்கள். பெண்கள் மிகுந்த மாவட்டம் என்ற எண்ணத்தில் தொட்டிலில் உள்ள எண்ணிக்கையை நாம் பாராமல் விட்டுவிடக் கூடாது.

சட்டம் சொல்வது

கருவின் பாலினத்தைக் கண்டறிவதையும் தெரிவு செய்வதையும் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. மருத்துவரோ, ஸ்கேன் செய்பவரோ, ஊழியரோ பாலினத்தைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறு எவ்வகையாலோ தெரிவிக்கக் கூடாது. கேட்பவர்க்கும் தண்டனை உண்டு: முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். கருவுற்ற பெண்ணைக் கணவரோ உறவினரோ வற்புறுத்தியே அழைத்து வந்தனர் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் கொள்ளும். 2024 மே மாதத்தில் சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் வெளிநாட்டில் பரிசோதனை செய்து பிள்ளையின் பாலினத்தைக் காணொளியில் அறிவித்தபோது, தமிழக நலவாழ்வுத் துறை அவருக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது.

ஆகவே எங்கள் ஸ்கேன் அறையில் ‘என்ன குழந்தை’ என்று கேட்டால் எவரும் விடை கூறார். அதை மனக்குறையாகக் கொள்ள வேண்டாம். அந்த மௌனம் சட்டம் இட்ட கடமை. பிறக்கவிருக்கும் குழந்தைக்கு அது பாதுகாப்பு.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்கேன் பாலினத்துக்காகச் செய்யப்படுவதில்லை என்றால் எதற்காக? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் கருவின் வயதையும், ஒரு குழந்தையா இரட்டையா என்பதையும், சில குரோமோசோம் குறைபாடுகளுக்கான அறிகுறிகளையும் காட்டும். 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் அமைப்பைக் காட்டும். இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள். ஸ்கேன் முடிந்ததும் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வளர்ச்சி வாரத்துக்கு ஏற்றதாக இருக்கிறதா? நச்சுக்கொடி எங்கே அமைந்துள்ளது? பனிக்குட நீர் போதுமா? அடுத்த பரிசோதனை எப்போது?

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை, அதன்பின் இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை விடாமல் உண்ண வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு உண்டால் சத்து உடலில் சேராது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. எலுமிச்சை, நெல்லிக்காயோடு கீரையும் பயறும் மீனும் உணவில் சேரட்டும். கடும் தலைவலி, கண் மங்குதல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், குருதிப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். பாலினம் அறியும்படியோ கருவைக் கலைக்கும்படியோ வீட்டில் வற்புறுத்தல் இருந்தால் மகளிர் உதவி எண் 181ஐ அழைக்கலாம். எங்கள் செவிலியரிடம் தனியே சொன்னாலும் போதும்.

தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் உறையும் அம்மனுக்கு கர்ப்பரட்சாம்பிகை என்று பெயர். கருவைக் காப்பவள் என்பது பொருள். அங்கு செல்வோரும், நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணியிலும் வேண்டிக்கொள்வோரும் சுகப்பிரசவத்தைக் கேட்கிறார்கள். குடும்பத்தாரும் அதையே கேட்கலாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது கணவரோ மாமியாரோ உடன் வாருங்கள். தாயின் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகிய மூன்றையும் கேட்டு, வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.